மானின் செவிக்கு எட்டாத பாதரட்சை

வட அமெரிக்காவின் கிழக்கு வனங்களைச் சேர்ந்த ஆதிக்குடிகள், மான் தோலில் அந்த மானின் மூளையையே குழைத்துப் பூசிப் பதப்படுத்தி, பிறகு மக்கிய மரத்தின் புகையைக் காட்டி, நனைந்து உலர்ந்தாலும் விறைக்காத பக்குவத்துக்குக் கொண்டுவந்து தைத்த மொக்கசின் என்னும் பாதரட்சையைப் பார்க்கும்போதெல்லாம், குதி வைத்த நம் பூட்ஸுகளின் ஆர்ப்பாட்டம் எனக்குச் சற்று லஜ்ஜையாகவே இருக்கிறது. ஒரே தோல் துண்டு கீழிருந்து பாதத்தைத் தழுவி மேலேறி, விரல்களின்மீது சிறுசிறு கொசுவங்களாகச் சுருங்கி நிற்க, அவற்றை மிருகத்தின் தசைநாரையே இழையாக்கித் தைத்திருக்கிறார்கள். புடவைக்குக் கொசுவம் பிடிப்பவர்களுக்கு அந்தச் சிரமம் விளங்கும். அடித்தோல் மெல்லியது என்று குறை சொல்பவர் வேட்டையறியாதவர். சருகினடியில் கிடக்கும் சுள்ளியை, அது முறியுமுன்பே உள்ளங்காலால் உணர்ந்து, வேடன் தன் பாரத்தை மறுகாலுக்கு மாற்றிக்கொள்கிறான். எதிரே மேயும் மான் தலை தூக்குவதில்லை.