மண்ணை நம்பும் கம்பி

ஊர்த் தொடர்பு விட்டுப்போகாத ஜொகூர் பாரு தமிழ் வீடுகளில் கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்றைப் பார்க்கலாம். அதன் செருகிக்கு மூன்று உருண்டை முனைகள். இங்குள்ள சுவரிலோ சதுரத் துளைகள். சிலர் பழைய செருகியை வெட்டிவிட்டு, இரண்டு கம்பிகளை மட்டும் புதியதில் முடுக்கிவிடுவார்கள். பச்சை மஞ்சள் எர்த் கம்பி ஓரமாக மடங்கிக் கிடக்கும். ஆனாலும் கல் சுற்றும், மாவு அரைபடும். தான் இல்லாமலே எல்லாம் ஓடுவதுதான் அந்தக் கம்பிக்கு வந்த கேடு.

உருண்டை முனை பிரிட்டன் விட்டுச்சென்ற சொத்து. 1947இல் பிரிட்டன் 13 ஆம்பியர் சதுர முனைக்கு வந்தது. இந்தியா உருண்டையிலேயே நின்றது. இலங்கையில் இரண்டும் நெடுங்காலம் கலந்து கிடந்தன. பின்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சதுர முனையையே நாட்டின் தரமாக்கியது. எந்த வடிவமானாலும் எர்த் முனைதான் நீளம். முதலில் தொட்டு, கடைசியில் விலக வேண்டியது அது. சதுர வகையில் சுவரின் மற்ற இரு துளைகளின் மூடியைத் திறப்பதும் அதுவே.

சுவருக்கு அப்பால்தான் இந்திய, இலங்கை வழக்கங்கள் பிரிகின்றன. தமிழ்நாட்டில் 'எர்த்' என்றால் குழி. இந்தியத் தர விதிப்படி இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்குவார்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வீடுகளும் உண்டு. ஈரம் காய்ந்தால் மண்ணின் மின்தடை ஏறும். உப்போ நாளடைவில் குழாயையே அரிக்கும்.

இலங்கைப் பாடநூல் இதைப் 'புவிக்கம்பி' என்கிறது. அங்கே மண்ணில் ஒரு தண்டை அடித்து இறக்குவார்கள். மீதிப் பொறுப்பு, மின்கசிவு கண்டால் விழும், மின்பெட்டியிலுள்ள 30 மில்லியாம்பியர் 'ட்ரிப் சுவிச்சு'க்கு. காரணம் எளிய கணக்கு. மண்ணின் தடை 10 ஓம் என்றால் 230 வோல்ட்டில் பாய்வது 23 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. இந்தியாவிலும் 2010இன் மத்திய மின்சார ஆணைய விதிகள் கசிவுப் பாதுகாப்பைக் கேட்டன. பழைய வீடுகள் பலவற்றில் இன்னமும் குழி மட்டுமே காவல்.

ஜொகூரில் ஆண்டு முழுக்க மழை. மண் எளிதில் காய்வதில்லை. வழக்கம் இலங்கையை ஒட்டியது: தண்டும் கசிவு சுவிட்சும். குளியலறைச் சுடுநீர்க் கருவி போன்ற ஈர இடங்களுக்கு 10 மில்லியாம்பியர் வரை கடுமை.

அப்படியானால் கிரைண்டரின் பச்சை மஞ்சள் கம்பி எதற்கு? அது இணைந்திருந்தால், கசிவு பிறந்த கணமே சுவிட்ச் விழும். வெட்டியிருந்தால், ஈரக் கையோடு யாராவது கிரைண்டரைத் தொடும்வரை சுவிட்ச் காத்திருக்கும். அப்போது எர்த் கம்பியாவது அவர் உடம்புதான்.