முக்கால் சுற்று

பில்டர் அசையவே இல்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன், கைதான் வழுக்கியது. பழைய துணியைச் சுற்றித் திருகினேன், துணி மட்டும் சுழன்றது. உப்புத்தாளை வைத்துப் பிடித்துப் பார்த்தேன், பில்டரின் பெயின்ட் உரிந்து முகத்தில் விழுந்தது. பக்கத்து வீட்டு மாமா குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்புங்க மாப்ள, டிராக்டருக்கு நாங்க அப்படித்தான்" என்றார்.

குத்தித் திருப்புவது கடைசி வழி. தகரம் பிய்ந்துபோனால் பிறகு பிடிக்க இடம் இருக்காது. ஓட்டை விழுந்த பில்டரோடு வண்டியை ஸ்டார்ட் செய்யவும் முடியாது. வாசலிலேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் அன்று தோல்வியை ஒப்புக்கொண்டு, பழைய பில்டரோடே புது ஆயிலை ஊற்றி மூடிவிட்டேன். குளித்து முடித்து அழுக்கு வேட்டியையே திரும்பக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அது போன வருஷத்துக் கதை. இந்த வருஷம் மூன்று சாமான்களோடு இறங்கினேன். காருக்கு முன்சக்கரம் ஏற இரும்பு ராம்ப் ஒரு ஜோடி, பில்டர் கழற்றும் கப், அடியில் படுக்காமலே ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்பு. மூன்றும் சொந்தக் காசு. ஒன்று தங்கம், ஒன்று கட்டாயத் தேவை, ஒன்று தண்டம்.

ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு: மொரப்பூரில் ரயில் நிற்கும், கார் கம்பெனி சர்வீஸ் கிடையாது. தர்மபுரிக்குப் போக வேண்டும். 1906-இல் இங்கிருந்து தர்மபுரிக்குக் குறும்பாதை ரயில் விட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது நின்றுபோனது. அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டியதே 2019-இல்தான். ஆக இன்றும் ரோடுதான் கதி. வண்டியைக் காலையில் விட்டால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டி, மத்தியானம் பில்லை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். உள்ளே என்ன ஊற்றினார்கள், எவ்வளவு ஊற்றினார்கள், பில்டரை மாற்றினார்களா, துடைத்து மட்டும் விட்டார்களா என்பதற்குப் பில் ஒன்றே சாட்சி. அசையாத அந்தப் பில்டரை மாட்டியவர் யாரோ, ஜென்மப் பகையோடு முறுக்கியிருந்தார்.

என் வண்டி 2015 மாடல் வேகன் ஆர், ஒரு லிட்டர் பெட்ரோல். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. தூசி ரோட்டில் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்கிறது கையேடு. கம்பைநல்லூர்ப் பக்கம் மரவள்ளி லாரிக்குப் பின்னால் போனவர்களுக்குத் தூசி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

முதலில் ராம்ப். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் தலையை விடக்கூடாது. இதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. ஜாக்கியால் தூக்கினால் அடியில் ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். நான் வெல்டிங் பட்டறையில் சி-சேனலில் ராம்ப் செய்துகொண்டேன். முனையில் சக்கரம் தாண்டிப் போகாமல் இருக்க ஒரு தடுப்பு வைக்கச் சொன்னேன். முதல் முறை ஏற்றும்போது வழவழப்பான சிமென்ட் தரையில் ராம்ப் முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடியது, வண்டி ஏறவில்லை. அடியில் பழைய ரப்பர் மிதியடியைப் போட்டதும் அடங்கியது. ஏறியதும் ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. அதற்குப் பிறகும் வண்டியைத் தோளால் நாலு இடி இடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அடுத்தது டிரெயின் போல்ட். (எங்கள் ஊரில் இந்தச் சொல்லைச் சொன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள்.) இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துத் திறப்பது சரியான பதம். ஆறிய ஆயில் பாகு மாதிரி வரும், அழுக்கு உள்ளேயே தங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் முழங்கை வரை வெந்துவிடும். ரிங் ஸ்பானர் அல்லது சாக்கெட் மட்டும் போடுங்கள். வாய் திறந்த ஸ்பானர் போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். கடைசி இரண்டு மரையைக் கையால் கழற்றும்போது, போல்ட்டைச் சற்று மேல்நோக்கி அழுத்திக்கொண்டே கழற்றி வெடுக்கென்று இழுத்துவிட வேண்டும். நான் இழுத்தேன், போல்ட் டிரேயில் விழுந்தது. கறுப்பு ஆயிலுக்குள் கையை விட்டுத் தேடினேன்.

திரும்ப மாட்டும்போது புது வாஷர். முறுக்க வேண்டியது 35 நியூட்டன் மீட்டர் என்கிறது கையேடு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வீட்டுக் கணக்கு: 25 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் ஏறத்தாழ 14 கிலோ தொங்கினால் அந்த அளவு. சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸின் எடை 14.2 கிலோ, சிலிண்டரைச் சேர்க்காமல் கேஸ் மட்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் சிலிண்டரையும் சேர்த்தே தொங்கவிடுகிறார்கள். ஆயில் தேங்கும் சம்ப்பில் மரை போய்விட்டால் மிச்சம் பிடித்த கூலி பத்து மடங்காகத் திரும்பப் போகும்.

இப்போது கப். பில்டரின் அடிப்பக்கத்தில் பட்டை பட்டையாக இருக்கும் அல்லவா, அதன் மேல் தொப்பி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் சதுர ஓட்டை, அதில் ராட்செட் கைப்பிடி. என் பில்டருக்கு 65 மில்லிமீட்டர், 14 பட்டை அளவு பொருந்தியது. உங்களுடையதை அளந்து வாங்குங்கள். முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு இழுப்பு, 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன வருஷம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய வேலை. சங்கிலி போட்டு இறுக்கும் வகையும் பெல்ட் வகையும் கடைகளில் உண்டு. அவற்றுக்குச் சுற்றிலும் கை சுழல இடம் வேண்டும், சின்னக் கார்களில் அந்த இடம்தான் இல்லை.

கழற்றிய பில்டரை ஹாக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். ஓரத்தில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக ஆயில் உள்ளே வந்து, மடித்து மடித்து வைத்த காகிதத்தைக் கடந்து, நடுவில் இருக்கும் மரை ஓட்டை வழியாக இன்ஜினுக்குத் திரும்புகிறது. வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால், அழுக்கானாலும் பரவாயில்லை, இன்ஜின் காயக்கூடாது என்று குறுக்கு வழி திறந்துவிடும் இன்னொரு வால்வு. காருக்கு ஆயில் பில்டர் என்பதே 1923-இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்ற அமெரிக்கர் காப்புரிமை கேட்ட பிறகு வந்த சமாசாரம். அதற்கு முன் அடிக்கடி ஆயிலைக் கொட்டுவது ஒன்றே வழி. நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு இவ்வளவு யோசனை அடங்கிய வேறு பொருள் காரில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புது பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று. கையேடு சொல்வது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தால் அடுத்த வருஷம் கழற்றப் போகிறவன் திட்டுவான், அந்த ஆளும் நான்தான். ஆனால் என் தவறு வேறு இடத்தில் நடந்தது. பழைய பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதன் மேலேயே புதியதை ஏற்றிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் பில்டர் ஓரத்திலிருந்து பீச்சியது. சட்டென்று நிறுத்தியதால் போனது அரை லிட்டரோடு போயிற்று. மணலைக் கொட்டி வாசலைப் பெருக்க அன்று மாலை ஆகிவிட்டது. கழற்றிய பில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு விநாடிகூட ஆகாது.

ஆயில் விஷயத்தில் ஊரில் ஆளுக்கொரு சித்தாந்தம். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும், 20டபிள்யூ-40 ஊத்துங்க" என்பது டீக்கடைத் தீர்ப்பு. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முந்தைய எண், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் எவ்வளவு லேசாக ஓடும் என்பது; சின்ன எண் என்றால் சீக்கிரம் மேலே ஏறும். பிந்தைய எண் 100 டிகிரி சூட்டில் அதன் தடிப்பு. வெளியே தர்மபுரி வெயில் 40 டிகிரி அடித்தாலும் 20 டிகிரி இருந்தாலும், ஓடும் இன்ஜினைத் தெர்மோஸ்டாட் தன் சூட்டிலேயே வைத்திருக்கிறது. ஆகவே வெயிலைப் பார்த்து ஆயிலைத் தடிப்பாக்குவது வீண். ஆயில் ஓட வேண்டிய இடுக்குகளின் அளவை வைத்துத்தான் கம்பெனி எண்ணைச் சொல்கிறது. நான் கையேட்டில் இருந்த 5டபிள்யூ-30 ஊற்றினேன். கிட்டத்தட்ட மூன்று லிட்டர் பிடித்தது. ஒரே மூச்சில் ஊற்றாமல் கால் லிட்டரை நிறுத்திவைத்து, ஸ்டிக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். கூடினாலும் கெடுதல்தான்.

மாமா ஆயில் டப்பாவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் சின்ன வயதில் மாட்டுவண்டி அச்சுக்கு வீட்டிலேயே மை காய்ச்சுவார்களாம்: வைக்கோலைக் கரியாக்கி ஆமணக்கு எண்ணெயில் குழைப்பது. சிரிப்பு என்னவென்றால், கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. 1909-இல் அந்தக் கம்பெனி விற்ற ஆயிலில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்தது. பக்கத்துச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மாமா இதைக் கேட்டு, "அப்ப நம்ம மைதான் சீமைக்குப் போய் டப்பாவுல வருதா" என்றார்.

கைப்பம்பைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆயில் ஸ்டிக் குழாயில் மெல்லிய டியூபை விட்டு, நாற்பது ஐம்பது தடவை அடித்தால் வெற்றிடம் உண்டாகி ஆயில் தானாக ஏறுகிறது. சட்டையில் அழுக்குப் படாது, பார்க்க அழகு. ஆனால் உறிஞ்சி முடிந்தது என்று அது காற்றை இழுக்கத் தொடங்கிய பிறகு, சந்தேகத்துக்கு அடியில் போல்ட்டைத் திறந்தேன்: ஒரு டீ கிளாஸ் அளவுக்குக் கறுப்பு ஆயில் வந்தது. சம்ப்பின் அடியில் தங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான வண்டல். தவிர, பில்டரை மாற்ற எப்படியும் அடியில் போய்த்தான் ஆக வேண்டும். பில்டர் மேலேயே இருக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படலாம். எனக்கு ஆயிரத்துச் சொச்சம் தண்டம். இப்போது அதை வைத்துத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சேற்றை உறிஞ்சலாமா என்று வீட்டில் யோசனை நடக்கிறது.

காசு மிச்சமா? ஆயில், பில்டர், வாஷர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தை ஒட்டி வந்தது. கூலியில் மிச்சமானது சில நூறுகள். கொட்டிய அரை லிட்டரையும் ராம்ப் செலவையும் சேர்த்தால் முதல் வருஷம் நஷ்டம். டப்பாவின் மூடி சீல் உடையாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன், பில்டரின் மேல் மார்க்கரால் தேதியையும் கிலோமீட்டரையும் என் கையால் எழுதினேன். எனக்கு அந்த நஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை. காலி டப்பாவை முழுசாகக் குப்பையில் போடாதீர்கள், அதில் போலி ஆயிலை நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மிஞ்சியது பழைய ஆயில். வேலிக்கால் கறையானுக்கு என்று ஒருவர், சென்ட்ரிங் பலகைக்கு என்று ஒருவர், மாட்டு உண்ணிக்கு என்று இன்னொருவர் கேட்டு வந்தார்கள். போன வருஷம் வேலிக்காலுக்குக் கொடுத்தவன்தான் நான். ஆனால் மத்திய அரசின் 2016 கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பு ஆயில் தயாரிப்பவர்களுக்கே வந்திருக்கிறது. இன்ஜின் தேய்ந்த உலோகத்தூள் கலந்திருக்கும் அதை மாட்டின் தோலில் தடவினால், மாடு நாக்கால் நக்கும். அதை நினைத்துத்தான் இந்த முறை டப்பாவிலேயே அடைத்து, அரூரில் பேரல் வைத்துச் சேர்க்கும் வாட்டர் வாஷ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சும்மாதான் கொடுத்தேன், டீ வாங்கித் தந்தார்கள்.

மறுநாள் மாமா வந்து கப்பை இரவல் கேட்டார். கொடுத்தேன். பத்து நிமிஷம் கழித்து மதில் மேல் வைத்துவிட்டு, "சிறுசு மாப்ள, டிராக்டர் பில்டர் உள்ளயே போகல" என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பையனுக்குக் குரல் கொடுத்தார்: "டேய், அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு வாடா."