செம்பும் பாசியும்: ஓர் ஆய்வு வாழ்க்கையை வாசித்தல்

தமிழில் விஞ்ஞானி பெரும்பாலும் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறார். பிறப்பு, வறுமை, கப்பல் பயணம், பரிசு, மரணம் என்று ஐந்து அத்தியாயம். சரி, அவர் என்னதான் செய்தார் என்று கேட்டால் 'உலகம் வியந்த கண்டுபிடிப்பு' என்று ஒரு வரி. மறுபக்கம் கோட்பாடு பேசுகிற நாம். 'அறிவியலும் ஒரு சொல்லாடல்தான்' என்று சொல்லிவிட்டால் நம் வேலை ஆச்சு. 1996இல் ஆலன் சோக்கல் என்ற இயற்பியலாளர், வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய ஒரு கட்டுரையை 'சோஷியல் டெக்ஸ்ட்' இதழில் வெளிவரச் செய்து நம் வகையறாவைச் சந்தி சிரிக்க வைத்தார். அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. சொல்லாடல் என்று சொன்னவர்கள் அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

நான் இங்கு வாசிக்க எடுத்துக்கொள்வது சபீஹா மெர்ச்சன்ட்டின் பாசி ஆய்வுகளை. இந்தியாவில் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1983இல் முனைவர் பட்டம். பிறகு ஹார்வர்டில் லாரன்ஸ் போகோராடிடம் ஆய்வு. 1987 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், 2018இல் அங்கிருந்து பெர்க்லி. 2012இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர். வாழ்க்கை வரலாறு இவ்வளவு போதும். இனிப் பிரதி.

பிரதியின் நாயகி கிளாமிடோமோனாஸ் என்கிற ஒற்றைச் செல் பச்சைப்பாசி. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நீந்த இரண்டு கசைகள், ஒளியை உணர ஒரு கண்புள்ளி, கிண்ணம் போல ஒரே ஒரு பசுங்கணிகம். சோதனைச்சாலைகளில் பெரிதும் புழங்கும் இதன் வம்சம் 1945இல் மாசசூசெட்ஸில் ஓர் உருளைக்கிழங்கு வயலின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர் கில்பர்ட் மார்கன் ஸ்மித். அவர் பெயரிலான பதக்கம் 2006இல் மெர்ச்சன்ட்டுக்கு வழங்கப்பட்டது.

ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போகின்றன. ஓரிடத்தில் அதைச் சுமந்துபோகும் சிறு புரதத்துக்கு பிளாஸ்டோசயனின் என்று பெயர். அதன் நடுவில் ஒரு செம்பு அணு. செம்பு கிடைக்காவிட்டால்? இரும்பைக் கொண்ட சைட்டோகுரோம் சி6 என்கிற வேறொரு புரதம் அதே சுமையைத் தூக்குகிறது. இந்த மாற்றாளை 1978இல் பி. எம். வுட் காட்டிவிட்டார். மெர்ச்சன்ட் கேட்டது அடுத்த கேள்வி: செம்பு இல்லை என்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? தெரிந்தபின் யார் உத்தரவு போடுகிறார்கள்?

1986இல் போகோராடுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட முடிவுகள் ஓர் இலக்கிய வாசகனை உட்கார வைத்துவிடும். செம்பு இல்லாதபோது சைட்டோகுரோமின் மரபணு விழித்துக்கொள்கிறது. ஆனால் பிளாஸ்டோசயனின் மரபணு ஓய்வதில்லை. செம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் தூது ஆர்.என்.ஏ. எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது, புரதமும் உருவாகிறது. செம்பு வந்து உட்காராத புரதம் சற்று நேரத்திலேயே சிதைக்கப்படுகிறது. ஆக, செல் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறது. மரபணுவே விதி, அதில் எழுதியதே நடக்கும் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும். எழுதப்பட்டது ஒன்று, நிலைத்தது வேறு. எது நிலைக்கும் என்பதைச் சூழலில் உள்ள ஓர் உலோகம் தீர்மானிக்கிறது.

பின்னர் அவரது குழு, செம்பின்மைக்கு எதிர்வினை செய்யும் மரபணுக்களை இயக்கும் சி.ஆர்.ஆர்.1 என்ற ஒழுங்குபடுத்தியை அடையாளம் கண்டது. செம்பு தீர்ந்துபோகும்போது இருக்கும் பிளாஸ்டோசயனினை உடைத்து, அதிலுள்ள செம்பைச் செல்லின் சுவாசத்துக்கு வேண்டிய சைட்டோகுரோம் ஆக்சிடேசுக்குத் திருப்பிவிடுவதையும் காட்டியது. இங்கே மொழியைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருபவை பொருளாதாரம், சிக்கனம், ஒதுக்கீடு, முன்னுரிமை, மறுசுழற்சி ஆகிய சொற்கள். செல்லுக்குள் ஒரு நிதியமைச்சகமே நடக்கிறது.

இதை எங்களூர் டீக்கடையில் ஒரு தோழரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "நீ தமிழ் எம்.ஏ. ஆளு, உனக்கு எதுக்குப்பா செம்பும் எலக்ட்ரானும்? பாசியே வயித்தக் கட்டிப் பொழைக்குது, ஜனங்களும் பொழைக்கட்டும்னு நாளைக்கு எவனாவது எழுதுவான் பாரு" என்றார். நியாயமான பயம். 1991க்குப் பிறகு சிக்கனம் என்ற சொல்லின் பெயரால் ரேஷன் கடை வரை என்னென்ன நடந்தன என்பது நமக்குத் தெரியும். இயற்கையிலேயே அப்படித்தான் என்று சொல்வதைவிட வசதியான வாதம் அதிகாரத்துக்கு வேறில்லை.

ஆனால் பிரதியை முழுக்க வாசித்தால் அது அந்த வாதத்துக்குச் சாட்சி சொல்லாது. காரணம் ஆய்வுமுறைப் பகுதியில், யாரும் நின்று படிக்காத வரிகளில் இருக்கிறது. செம்பின்மை அங்கே தானாக வரவில்லை. செம்பு எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகம். குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, தூய உப்புகளை வைத்து, அரும்பாடுபட்டுத்தான் அதை விலக்க முடியும். பற்றாக்குறை உற்பத்தி செய்யப்படுகிறது. அதை உற்பத்தி செய்யும் கை யாருடையது என்பதை அறிவியல் கட்டுரை மறைப்பதில்லை, வரிவரியாக எழுதி வைக்கிறது. அரசாங்கத்தின் பட்ஜெட் உரையில் இப்படி ஓர் ஆய்வுமுறைப் பகுதி உண்டா? இன்னொன்று: செல்லில் ஒதுக்கீடு மாறும்போது ஒளிச்சேர்க்கை கைவிடப்படுவதில்லை. சுமக்க இரும்புப் புரதம் தயாரான பிறகும் சும்மா பட்டினி கிடப்பது என்ற பேச்சே அங்கே இல்லை. உருவகத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மாற்றாளை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

2007இல் 'சயன்ஸ்' இதழில் இந்தப் பாசியின் முழு மரபணுத்தொகுதி வெளிவந்தது. ஏறத்தாழ 12 கோடி எழுத்துகள், சுமார் 15,000 மரபணுக்கள். பசுங்கணிகத்தில் அது செடிகளின் உறவு. கசையில் நம் மூச்சுக்குழாயின் நுண்மயிர்களுக்கு உறவு. கட்டுரையின் முதல் பெயர் மெர்ச்சன்ட். தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று பார்த்தைப் படித்து நாம் வாதிட்டுக்கொண்டிருந்தோம். இங்கே ஆசிரியர் சாகவில்லை, பெருகியிருக்கிறார். குடுவை கழுவியவர் அந்தப் பட்டியலில் உண்டா என்பது அடுத்த கேள்வி. தனி மேதை என்ற வாழ்க்கை வரலாற்று வடிவம் இந்த வேலையைச் சுமக்கவே சுமக்காது.

நம் மரபில் பாசிக்கு இடம் இருந்திருக்கிறது. பாசி, பசலை, பசுமை எல்லாம் ஒரு வேர்ச்சொற்கள். குறுந்தொகையில் பரணர் பசலையைப் பாசிக்கு ஒப்பிட்டார். கை பட்டால் விலகும், எடுத்தால் மூடிக்கொள்ளும். ஊருணிப் படித்துறையில் நின்று பார்த்த கண் அது. இன்று ஒளியை மலையாகக் கும்பிடும் திருவண்ணாமலையில், ஒளியைத் தின்று வாழும் பாசி ஐயங்குளத்தில் படர்ந்தால் அது அழுக்கு மட்டும்தான். பாசியைக் கொல்ல நீரில் மயில்துத்தம் போடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. துளி செம்புக்காகத் தன் புரதத்தையே உடைக்கும் உயிர், அதே செம்பு மிகுந்தால் சாகிறது. இந்த அளவைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்கள் வேண்டும்.

சிறுபத்திரிகைகள் பார்த்தையும் ஃபூக்கோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தன. அந்த உழைப்பு வீண் போகவில்லை. பிளாஸ்டோசயனின் பற்றிய ஓர் ஆய்வுக்கட்டுரையை, அதன் ஆய்வுமுறைப் பகுதியோடு, ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்து வெளியிட எந்தப் பத்திரிகை முன்வரும்?