விருப்பக்குறியும் விற்பனையும்

முகநூலில் விளம்பரஞ் செய்தால் வியாபாரம் பெருகும் என்கின்றனர். பெருகியதை அளந்து கூறுபவர் யார்? விளம்பரத்துக்கு இடம் விற்கும் கம்பனியேதான். தராசும் அவர்களது, படிக்கல்லும் அவர்களது. காணொளிகளின் சராசரிப் பார்வைநேரத்தை ஈராண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டியதை 2016 இல் அக்கம்பனியே ஒப்புக்கொண்டது. மூன்று வினாடிக்குக் குறைவாகப் பார்த்தோரை வகுக்கும்போது சேர்க்கவில்லையாம்! எம் மாணவன் இவ்வாறு கணக்குச் செய்தால் பூச்சியம் இடுவோம்.

2017 இல் புறொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம் ஒரே காலாண்டில் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட இணைய விளம்பரங்களைக் குறைத்தது. வியாபாரம் குன்றவில்லை என அதன் தலைமையே கூறிற்று. பெருமூலதனத்தால் நிறுத்திப் பார்க்க முடியும். வீட்டிலிருந்து சேலை விற்கும் பெண் எதை நிறுத்தி எதை அறிவாள்? விருப்பக்குறிகள் குவிகின்றன, சேலைகள் மடிப்புக் கலையாதிருக்கின்றன. விளம்பரக் கட்டணத்தை மட்டும் அவள் தவறாது செலுத்தி வருகிறாள்.