மணிக்கணக்கில் அடங்காத கைப்பக்குவம்

அமெரிக்காவில் கைரோபிராக்டராக உரிமம் வாங்கியவருக்குப் படிப்பு அதோடு முடிந்துவிடாது. கலிஃபோர்னியாவில் ஆண்டுக்கு 24 மணி நேரம், நியூயார்க்கில் மூன்று ஆண்டுக்கு 36, ஃபுளோரிடாவில் இரண்டு ஆண்டுக்கு 40 என்று மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கணக்கு இருக்கிறது. அத்தனை மணி நேரம் தொடர்கல்வி பெற்றதாகக் காட்டினால்தான் உரிமத்தைப் புதுப்பிக்க முடியும். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் வலியைத் தணிப்பது இவர்கள் தொழில். கைதான் இங்கே முதல் கருவி. அந்தக் கையின் தரத்தை, அது வகுப்பில் சும்மா மடியில் கிடந்த நேரத்தை வைத்து எப்படி அளப்பது?

தொடர்கல்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு அது மற்ற மருத்துவத் துறைகளைவிடக் கூடுதலாகவே தேவை. 1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் இதைத் தொடங்கியபோது, முள்ளெலும்புகள் இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று போதித்தார். சப்லக்சேஷன் எனப்படும் அந்தக் கோட்பாட்டை இன்றும் விடாமல் பிடித்திருப்பவர்கள் உண்டு. முதுகுவலி, கழுத்துவலியோடு நின்றுகொண்டு ஆய்வுச் சான்றுகளின்படி நடப்பவர்களும் உண்டு. இரு தரப்பார் கையிலும் ஒரே உரிமம்தான். வலியோடு வாசலில் நிற்கும் நோயாளிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

பாடமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் பணம் பெற, பிசகலை எக்ஸ்-ரேயில் காட்டியாக வேண்டும் என்ற விதி 1999 வரை இருந்தது. 2000 முதல் நீக்கப்பட்டது. 2017இல் அமெரிக்க கைரோபிராக்டிக் சங்கமே, அபாய அறிகுறி எதுவும் இல்லாத திடீர் கீழ்முதுகு வலிக்கு முதல் ஆறு வாரங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டில் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி, கீழ்முதுகு வலிக்கு மாத்திரையை நாடுமுன் முயலத்தக்க வழிகளில் கைச்சிகிச்சையையும் சேர்த்தது. 1990இல் பட்டம் பெற்றவர் இவற்றைக் கல்லூரியில் படித்திருக்க வழியில்லை.

கைரோபிராக்டர்களில் பலர் சிறிய சிகிச்சையகத்தில் தனியாகவே தொழில் செய்கிறவர்கள். பெரிய மருத்துவமனையில் இருப்பதுபோலக் கூடவே வரும் மூத்தவரோ தவறு கண்டால் தடுக்கும் சகாவோ அங்கே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி வகுப்புக்குப் போகும்போதுதான் அவர்களின் கை வேலையை இன்னொருவர் பார்க்கிறார். தொடர்கல்வியின் ஆகப் பெரிய பலன் இதுதான் என்பது என் எண்ணம். மணிக்கணக்குப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

குறைகளில் முதலாவது, எந்த வகுப்புக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் போகிறவரே தீர்மானிப்பது. பழைய கோட்பாட்டில் ஊறியவர் அதையே உறுதிசெய்யும் வகுப்பைத் தேடிப்போவார். மருத்துவர்கள் தம் திறமையைத் தாமே மதிப்பிடுவது எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. திறமை குறைந்தவர்கள், தன்னம்பிக்கை மிகுந்தவர்கள் ஆகியோரின் கணிப்புதான் ஆக மோசம் என்று பல ஆய்வுகளிலிருந்து அது காட்டியது. தனக்கு எது தெரியாது என்பதை அறியாதவரிடமே பாடத்தேர்வை விட்டுவைத்திருக்கிறோம்.

அடுத்தது, சொல்லிக்கொடுக்கும் முறை. 1999இல் அதே இதழில் வந்த தொகுப்பாய்வு, வெறும் விரிவுரை மருத்துவர்களின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றது. பங்கேற்றுப் பழகும் வகுப்புகளுக்குப் பலன் இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2009 ஆய்வில், கல்விக் கூட்டங்களால் நடைமுறையில் விளைந்த முன்னேற்றம் ஏறத்தாழ 6 சதவீதம். இவை பொதுவாக மருத்துவத் துறையைப் பற்றிய முடிவுகள். ஆனால் கைத்தொழிலுக்கு விரிவுரை இதைவிட அதிகம் உதவும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கழுத்துச் சிகிச்சையையே பாருங்கள். கழுத்தின் தமனியில் உட்சுவர் கிழிவது அரிது. நேர்ந்தால் பக்கவாதம் வரலாம். கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆனால் அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை என்றும், நோயாளியிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் அறிக்கை தந்தது. சிக்கல் என்னவென்றால், தமனி ஏற்கெனவே கிழிந்தவருக்கும் முதலில் கழுத்துவலியும் தலைவலியும்தான் வரும். அவர் நேரே கைரோபிராக்டரிடம் வரக்கூடும். இதுவரை அனுபவிக்காத வலியா, தலைசுற்றல் உண்டா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்டறிந்து, ஐயம் வந்தால் கழுத்தைத் தொடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பத் தெரிய வேண்டும். இந்த நிதானம் படக்காட்சியைப் பார்த்து வருவதில்லை. சகா ஒருவர் நோயாளியாக உட்கார, அவரிடம் கேள்வி கேட்டு, தவறும்போது அவர் திருத்த, மறுபடி செய்து பழகினால்தான் வரும். கலிஃபோர்னியாவில் 24இல் 12 மணி வரை தொலைநிலையில் படிக்கலாம் என்கிறார்கள். சட்டமும் நெறிமுறையும் திரையில் படிக்கட்டும். கழுத்தைத் திரையில் படிக்கக் கூடாது.

அதே கலிஃபோர்னியாவின் ஒரு விதியை மனதாரப் பாராட்ட வேண்டும். வருமானம் பெருக்குவது, நோயாளிகளைத் திரட்டுவது, பாக்கி வசூலிப்பது போன்ற வகுப்புகளுக்கு அங்கே மணிக்கணக்குக் கிடையாது. வியாபாரம் கல்வியின் வேடத்தில் நுழையும் வாய்ப்பு அதிகமுள்ள தொழிலில் இப்படியொரு வேலி அவசியம்.

ஆனால் இத்துறையில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த சில முக்கியமான திருத்தங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பிரிட்டனில் குழந்தைகளின் வயிற்றுவலி முதலானவற்றைக் குணப்படுத்துவதாகக் கைரோபிராக்டர்கள் சொல்வதற்குச் சான்றில்லை என்று 2008இல் எழுதிய அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது அங்குள்ள கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குப் போட்டது. 2010இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில்தான், சப்லக்சேஷன் நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று அந்நாட்டின் கைரோபிராக்டிக் மன்றம் அறிவித்தது. ஆஸ்திரேலியாவிலும் கைக்குழந்தை ஒன்றுக்குச் சிகிச்சை தரும் காணொளி பரவி மக்கள் கொதித்த பிறகே, 2019இல் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு முதுகெலும்புச் சிகிச்சை வேண்டாம் என்றார்கள். அத்தனை ஆண்டு வகுப்புகள் சொல்லத் தயங்கியதை வழக்கும் மக்களின் கோபமும் சொல்லவைத்தன.

பிரிட்டனில் ஆண்டுக்கு 30 மணி நேரத்தில் பாதியாவது பிறரோடு சேர்ந்து கற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களும் இதை எடுத்துக்கொள்ளலாம். கல்வி நேரத்தில் ஒரு பகுதியைச் சொந்தச் சிகிச்சையகத்தின் கோப்புகளுக்கு ஒதுக்கலாம்: சென்ற ஆண்டு வந்த முதுகுவலிக்காரர்களில் எத்தனை பேருக்குத் தேவையின்றிப் படம் எடுத்தேன் என்று எண்ணி, சக தொழிலர் ஒருவரிடம் காட்டுவது. இத்தகைய தணிக்கையின் பலனும் சிறிதுதான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் பிடித்த பாடத்தை விட்டுத் தன் குறையின் பக்கம் திரும்ப வைக்கும் வழி இது. டொராண்டோவில் உள்ள கனடிய நினைவு கைரோபிராக்டிக் கல்லூரியில், கை எவ்வளவு விசையுடன் எவ்வளவு வேகமாக அழுத்துகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும் மேசைகளில் மாணவர்கள் பழகுகிறார்கள். இருபது ஆண்டாகத் தொழில் செய்பவரும் உரிமம் புதுப்பிக்கும் முன் அப்படியொரு மேசையில் கைவைத்துப் பார்க்க வேண்டும் என்று விதி எழுதலாம்.