9 வோல்ட் பேட்டரியும் ஒரு 7805-ம்

வீட்டிலேயே யூ.எஸ்.பி. சார்ஜர் செய்வது எப்படின்னு தேடினால் திரும்பத் திரும்ப ஒரே சர்க்யூட்தான் வரும். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 7805 ரெகுலேட்டர், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு யூ.எஸ்.பி. சாக்கெட். பத்து நிமிஷ வேலை. நானும் அதை நம்பிச் செய்தவன்தான். அது மோசமான சர்க்யூட் என்பது இப்போது என் கட்சி.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது கருங்கல் பக்கம் மரங்கள் கரண்ட் கம்பிகள் மேலேயே சாய்ந்தன. பல நாள் கரண்ட் இல்லை. அம்மைக்கு ராத்திரி பாட்டு கேட்காமல் தூக்கம் வராது. பழைய எம்பி3 பிளேயர் செத்துக் கிடந்தது. சர்க்யூட்டைப் பற்ற வைத்து மீட்டரில் பார்த்தேன், 4.98 வோல்ட். பிளேயரில் சார்ஜ் ஏறவில்லை.

பக்கத்து எலக்ட்ரீசியன் அண்ணனும் பார்த்தார். "அஞ்சு வோல்ட்டு வருதுல்லா தம்பி, பின்ன ஏன் ஏறமாட்டேங்குது?"

சரியான கேள்வி. யூ.எஸ்.பி. வயரில் நான்கு கம்பி. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. கம்ப்யூட்டரோடு பேசி அனுமதி வாங்கும்வரை ஒரு கருவி 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது யூ.எஸ்.பி. 2.0 விதி. சுவரில் செருகும் சார்ஜருக்குப் பேசத் தெரியாதே? அதனால் பச்சையையும் வெள்ளையையும் உள்ளேயே சேர்த்துவிட்டால் 'நான் வெறும் சார்ஜர்' என்று அர்த்தம். 2010-ல் வந்த பேட்டரி சார்ஜிங் 1.2 விதியிலும் இதுதான் இருக்கிறது. நான் பார்த்த குறிப்பு அந்த இரண்டு கம்பியையும் 'தேவையில்லை' என்று தொங்க விட்டிருந்தது. சேர்த்துப் பற்றவைத்ததும் ஏற ஆரம்பித்தது.

ஆப்பிள் இதற்கும் தனி வழி வைத்தது. இரண்டு டேட்டா கம்பியிலும் சுமார் 2 வோல்ட் இருந்தால் அரை ஆம்பியர். ஒன்றில் 2, மற்றதில் 2.8 இருந்தால் 1 ஆம்பியர். அடாஃப்ரூட் நிறுவனர் லிமோர் ஃபிரைட் ஆப்பிள் சார்ஜரைப் பிரித்து, ரெசிஸ்டர்களை அளந்து, அதை வெளியே சொன்னார். 68 கிலோ ஓம் மேலே, 47 கிலோ ஓம் கீழே போட்டால் 5 வோல்ட் 2.04 ஆகும். இதில் மறைத்து வைக்க என்ன இருந்ததோ!

ஆனால் என் பெரிய சண்டை பேட்டரியோடு. 7805 மிச்ச வோல்ட்டைச் சூடாக்கித் தள்ளுகிற ரகம். 9 வோல்ட்டில் 4 வீண். அரை ஆம்பியர் இழுத்தால் 2 வாட் சூடு, ஹீட்சிங்க் இல்லாமல் விரல் வைக்க முடியாது. 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி மெல்ல இழுத்தால் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி தரும், அதாவது 4.5 வாட் மணி. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பிளேயருக்குப் போகும். அதுவும் முழுசாக அல்ல. உள்ளே 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 7805 ஐந்தைப் பிடித்து நிற்காது. வேகமாக இழுத்தால் அது சீக்கிரமே இறங்கிவிடும். என் பேட்டரி ஒரு தடவைகூட முழுசா சார்ஜ் ஏற்றவில்லை.

இங்கேயும் ஃபிரைட்டின் மின்டிபூஸ்ட்தான் புத்திசாலித்தனம். மிட்டாய் டப்பாவுக்குள் இரண்டு ஏஏ பேட்டரி, 3 வோல்ட்டை 5 ஆக ஏற்றும் பூஸ்ட் கன்வர்ட்டர். ஏஏ ஒவ்வொன்றும் சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி, இரண்டும் சேர்ந்து 6 வாட் மணி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கன்வர்ட்டர் ஐ.சி.தான் இங்கே கிடைக்காது. புயல் நேரத்தில் சொல்லவே வேண்டாம்.

கடைசியில் உதவியது காரில் செருகும் பழைய மொபைல் சார்ஜர். பிரித்தால் உள்ளே 12-ஐ 5 ஆக இறக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட், டேட்டா கம்பிகளும் ஏற்கெனவே சேர்த்தே இருந்தன. பைக் பேட்டரி 12 வோல்ட், 5 ஆம்பியர் மணி: 60 வாட் மணி. நடுவே 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். இதையும் அந்தக் குறிப்புகள் சொல்வதில்லை. பைக் பேட்டரி ஷார்ட் ஆனால் வயர் பழுத்துவிடும்.

அம்மை அன்றைக்கு ராத்திரி பாட்டு கேட்டாள். காலையில் பைக்கும் ஸ்டார்ட் ஆச்சு.