புள்ளிக்குள் கிடந்த நிறம்

‘டாட்ஸ் ஆர்மி’ தொடரின் ‘ரூம் அட் த பாட்டம்’ பகுதியை, மொரப்பூரில் ஒரு மொட்டைமாடிச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஓடவிட்டுப் பார்த்தோம். பழைய பிரிட்டிஷ் காமெடித் தொடர்கள் என்றால் உயிரை விடும் நாலைந்து பேர். சேலம் பக்கம் போன ரயில் ஒரு வசனத்தை விழுங்கிவிட, மறுபடி போடச் சொன்னோம். நயமெல்லாம் அப்படித் திரும்பப் பார்க்கும்போதுதான் தட்டுப்படுகிறது.

முதலில் அந்த நிறம். இந்தப் பகுதி ஒளிபரப்பானது 1969 அக்டோபர் 16 அன்று. எடுத்தது வண்ணத்தில், பிபிசி ஒன்றாம் அலைவரிசைக்கோ வண்ணம் வந்தது நவம்பர் 15-ல்தான். வண்ண நாடா பிறகு காணாமல் போய், கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதி ஒன்றே மிஞ்சியது. அது டிவித் திரையையே கேமராவால் படம்பிடித்த பிரதி. திரையில் நிறத்துக்கான சமிக்ஞை பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். ஃபிலிம் அதையும் சேர்த்துப் பதிந்துகொண்டது. பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் இரைச்சல். அந்தப் புள்ளிகளிலிருந்தே நிறத்தைப் படித்தெடுக்க முடியும் என்று நம்பிய பொறியாளர்கள் சிலர் பாடுபட்டார்கள். ரிச்சர்ட் ரஸ்ஸல் அதற்கான மென்பொருளை எழுதினார். 2008 டிசம்பரில் இந்தப் பகுதி வண்ணத்தில் ஒளிபரப்பானது. வண்ணம் பூசிய பழைய படங்களில் எல்லார் கன்னமும் ஒரே ரோஜா நிறத்தில் இருக்கும். இங்கே காக்கிகூட ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுகிறது!

அடுத்தது ஆர்தர் லோவின் முகம். அவர்தான் கேப்டன் மேனரிங். வங்கி மேலாளர், போர்க்கால ஊர்க்காவல் படைக்குத் தலைவர். தமக்குக் கேப்டன் பதவி முறைப்படி தரப்படவே இல்லை என்று தெரியவந்து, சாதாரணச் சிப்பாயாக இறங்க நேர்கிறது. சிரிப்பு அவர் பேசும்போது வருவதைவிட, கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதிகம் வருகிறது. ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையாவின் முகத்தில் நடப்பதை ரசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலையா பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவார். லோ அவமானத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்.

பக்கத்தில் சார்ஜென்ட் வில்சனாக ஜான் லெ மெஷரர். வங்கியில் மேனரிங்குக்குக் கீழே வேலை. குடும்பப் பெருமையில் மேலே. மற்ற சார்ஜென்ட்டுகள் அதட்டும் இடத்தில் இவர், சிரமம் இல்லையென்றால் கொஞ்சம் வரிசையில் நிற்கலாமே என்கிற தொனியில் பேசுவார். அந்த மரியாதையே மேனரிங்குக்கு எரிச்சல். ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் இத்தனை வர்க்கக் கசப்பை இவ்வளவு இலேசாக எழுதியிருக்கிறார்கள்.

பின்னணியில் கேட்பது ஸ்டூடியோவில் உட்கார்ந்து பார்த்தவர்களின் சிரிப்பு. நடிகர்கள் அதற்கு இடம்விட்டே அடுத்த வரியை எடுக்கிறார்கள். சபா நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி உடனே பிடிபடும்.

இந்தத் தொடரின் இரண்டாம் சீசனில் தொலைந்துபோனவற்றில் இரண்டு பகுதிகள் 2001-ல் கிடைத்தன. மூன்று இன்னும் இல்லை. அந்த மூன்றில் ‘எ ஸ்ட்ரைப் ஃபார் ஃப்ரேசர்’ பகுதிக்கு ஒலி மட்டும் அகப்பட, 2016-ல் அனிமேஷன் படம் சேர்த்து வெளியிட்டார்கள். எனக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் பிடிக்கிறது. வரைந்த மேனரிங் வாயைச் சரியாகத்தான் அசைக்கிறார். சும்மா இருக்கத் தெரியவில்லை.